ஆறு புள்ளி ஒன்று

விடிகாலை ஐந்தரை.
ஃபார்லிம் அடுக்குமாடியின் பதினொன்றாம் மாடியில்
மோதிர விரலின் ஓரத்தைக் குத்துகிறேன்.
நடுவில் குத்தினால் வலிக்கும் என்று
மிஸ்ஸி ரொஹாயா சொல்லியிருக்கிறார்.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு பொட்டு.
இயந்திரம் ஐந்து நொடி எண்ணும்.
அந்த ஐந்து நொடியும்
இன்றைக்கு நான் யாரென்று எனக்குத் தெரியாது.

பதினான்கு என்றால்
நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டது போல் ஒரு நாள்.
பல் துலக்கவே
யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் போலிருக்கும்.

மூன்று புள்ளி நாலு என்றால்
விரல் நடுங்கும், பிடரி வியர்க்கும்.
பாயான் லெப்பாஸ் போகும் கம்பெனி பஸ்ஸில்
ஏசியைக் கொஞ்சம் திருப்பிவிடச் சொன்ன பெண்ணிடம்
ஏழு தலைமுறைக் கோபத்தோடு திரும்புவேன்.
பையிலிருக்கும் ரிபேனாவை உறிஞ்சி முடிப்பதற்குள்
அவள் கன்னத்தைக் கிள்ள வேண்டும் போல் பாசம் வரும்.
பாவம் அவள்,
இப்போதெல்லாம் பின்சீட்டில் உட்காருகிறாள்.

சாப்பாட்டை எழுதிவைக்க டாக்டர் கொடுத்த நோட்டில்
சண்டைகளையும் எழுத ஆரம்பித்தேன்.

'ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் ஒன்று.
பதின்மூன்று புள்ளி இரண்டு.
அவர் தங்கை கல்யாணக் கடன் பேச்சு.
கிண்ணத்தை உடைத்தேன்.'

'மதியம் சாப்பிடவில்லை. மூன்று புள்ளி ஏழு.
விவாகரத்து என்றேன்.
பிஸாங் கோரேங் நாலு துண்டு.
வேண்டாம் என்றேன்.'

மதியழகன் படித்துவிட்டுச் சிரித்தார்.
நானும்தான் சிரித்தேன், இருமல் வரும்வரை.
"பேசுறது நீயில்ல, சீனிதான்" என்று அவர் சொன்னபோது
நிறுத்திவிட்டேன்.
அந்தக் கடன் நிஜம்.
என் கோபத்தில் பாதியாவது
என் பெயரில் இருக்கட்டும்.

சீனிக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர்.
இரண்டு கட்டடம், இரண்டு கார்டு, இரண்டு வரிசை.
நடுவே வெயில் காயும் கார் நிறுத்துமிடம்.
அதைக் குறுக்கே கடப்பவள் மட்டும்
ஒரே ஆள்.

"நடங்க" என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.
சரி என்று இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.
கட்டிலிலிருந்து கதவுவரை
எத்தனை கிலோமீட்டர் என்று
இருவருமே கேட்கவில்லை.

லிஃப்ட் பழுதாகி ஒன்பது நாள் கிடந்தது.
வேறு வழியில்லை, ஏறினேன்.
மூன்றாம் மாடியில் மீன் பொரிக்கும் வாசம்.
ஐந்தில் சீனர் வீட்டு ஊதுபத்தி.
ஆறில் யாரோ கரோக்கேயில்
ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டார்கள்.
ஏழாம் மாடியில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபோது
காலையிலிருந்து நெஞ்சில் அழுகை இருந்த இடத்தில்
பசி இருந்தது.
வெறும் பசி.
ஊருக்குப் போயிருந்த ஆள் திரும்பி வந்ததுபோல.

அதன்பிறகு லிஃப்ட் சரியானது.
சில நாள் ஏறினேன், பல நாள் ஏறவில்லை.
நோட்டில் அதுவும் இருக்கிறது.

இன்று
ஆறு புள்ளி ஒன்று.
மிஸ்ஸி பார்த்தால் பக்கத்தில் நட்சத்திரம் வரைவார்.
நேற்று படியேறினேன். சோறு அளந்துதான் போட்டேன்.
இரவு பத்தரைக்கே தூங்கிவிட்டேன்.
ஆனாலும்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுகிறேன்.

பழியைப் போட எண் இல்லை.
முதலில் பயமாக இருந்தது.
அப்புறம், எப்படிச் சொல்வது,
கூட்டத்தில் ஒளிந்தே வந்தவன்
முதன்முறை தனியாக வந்து
வாசலில் நின்ற மாதிரி இருந்தது.
ஓ, நீதானா.
உன் முகம் இதுதானா.

நோட்டில் எழுதினேன்:
'ஆறு புள்ளி ஒன்று. அழுகை. காரணம்'
அதற்கப்புறம் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லை.
சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
யாரும் பொத்தானை அழுத்தாமலே
லிஃப்ட் வந்து கதவைத் திறந்தது.
கொஞ்ச நேரம் எனக்காக நின்றது.
மூடிக்கொண்டது.

மூன்றாம் மாடியில்
இந்நேரத்துக்கே மீன் பொரிக்கிறார்கள்.